தியேட்டருக்குப் போன ஆபரேஷன்

கத்தியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு பெண்ணை நம்பி, கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேர் தங்கள் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பித்தப்பையில் கல் இருந்தவர்கள் கல்லோடு காத்திருந்தார்கள். கண்ணில் புரை விழுந்தவர்கள் உலகத்தை மங்கலாகவே பார்த்துக்கொண்டு நடமாடினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஏழுமலை தன் குடலிறக்கத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "நம்ம பொண்ணு வந்து பாத்துக்கும், இன்னா அவசரம்?" என்று மறு கையால் வண்டி ஓட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் ஆபரேஷன். அவள் வாழ்நாளில் எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறு எதையும் அறுத்தவள் இல்லை. அதையும் என் மெஸ்ஸில்தான் அறுத்தாள். கோணலாக அறுத்தாள்.

என் மெஸ் தொழிற்பேட்டைக்குள் திரும்புகிற வளைவில் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் என் இட்லியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனவர்கள் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மெஸ்ஸுக்குப் பின்னால் உள்ள வீட்டில்தான் ஆபரேஷனும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அப்பா இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டுகிறார். கொக்கி வைத்த கிரேன் இல்லை, காந்தம் வைத்த கிரேன். யானைக்கால் மாதிரி உருண்டையாக ஒரு காந்தம் மேலிருந்து இறங்கும். பழைய சைக்கிள், உடைந்த கட்டில், கார் கதவு, எல்லாம் தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்களைப்போல அதைப் பார்த்து எழுந்து போகும். அப்படியே அந்தரத்தில் ஒரு ஊர்வலம் போகும். அப்புறம் கிரேன்காரர் சுவிட்சை அணைப்பார். எல்லாம் பொலபொலவென்று குவியல்மேல் கொட்டும்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு போவாள் இந்தப் பெண். கம்பெனி வேலிக்கு வெளியே நிற்பாள். இரும்பு கொட்டும். உடனே இவள் இடுப்பை வளைத்துக் குனிந்து, ஒரு கையை நீட்டி, வணக்கம் வைப்பாள். கேரியரிலிருந்து சாம்பார் கோடாக வழியும்.

"இன்னாடி பண்றே?" என்று கேட்டேன்.

"கை தட்றாங்க பெரிம்மா. சும்மா நிக்க முடியுமா?"

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது மற்றப் பிள்ளைகளைப்போல இல்லை என்று. மாலையில் உலைப் புகை ஆரஞ்சு நிறமாகி வானத்தில் படரும் பாருங்கள், அந்த நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடியே கனவு காணுவாள். கூப்பிட்டால் வரமாட்டாள். பூரி வாசனை வந்தால் வருவாள்.

பொன்னேரி காலேஜில் இங்கிலீஷ் பி.ஏ. சேர்ந்தாள். ரயிலில் போய் வருவாள். காலேஜ் நாடகத்தில் அவளுக்குச் சாகிற வேஷம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் செத்துப் பார்க்க இடம் போதவில்லை என்று, கவரைப்பேட்டை தாண்டியதும் லேடீஸ் பெட்டியில் செத்துப் பார்த்திருக்கிறாள். நல்ல சாவு. கால் இழுத்து, கண் சொருகி, ஜன்னல் கம்பியைப் பிடித்து மெதுவாகச் சரிந்து விழுந்தாளாம். பெட்டி முழுக்க ஒரே கூச்சல்.

"வலிப்பும்மா! இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க!"

ஆளாளுக்குச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தார்கள். ஒருத்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன அரிவாள்மனையையே நீட்டியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் பிணம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொன்னேரி வந்ததும் பிணம் எழுந்து இறங்கிவிட்டது, ஒரு சாவிக்கொத்தோடு.

"ஏண்டி, அப்பவே சாவி வேணாம்னு சொல்றதுதானே?"

"செத்துப் போனவ எப்புடி பெரிம்மா பேசுறது?"

சாவிக்குச் சொந்தக்காரி வீட்டுக்குள் போக முடியாமல் தெருவில் நின்று, எங்கெங்கோ விசாரித்துக்கொண்டு என் மெஸ்ஸுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்தாள். இவள் அந்தச் சாவை அவளுக்கு முன்னால் இன்னொரு தடவை செத்துக் காட்டினாள். வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு, பூரி சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் அயர்லாந்து என்கிற தேசத்தில் ஒரு காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்தது. படிப்பு, சாப்பாடு, தங்குகிற இடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். லிட்டரேச்சரும் தியேட்டரும் சேர்ந்த படிப்பு. அப்பாவிடம் சொன்னாள். அவர் என் மெஸ்ஸுக்குள் ஓடிவந்தார்.

"யக்கா! எம் பொண்ணு லிட்டரேச்சரு, தியேட்டரு எல்லாம் படிக்கப் போவுதுக்கா! வெளிநாட்டுல!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழுமலை கையை உதறிவிட்டு எழுந்தார். "ஆபரேஷன் தியேட்டரா?"

"வேற எந்த தியேட்டருக்குப்பா படிப்பு கீது? டிக்கெட்டு கிழிக்கறதுக்கா?"

"லிட்டரேச்சர்னு இன்னாவோ சொன்னியே, அது?"

கிரேன்காரர் கொஞ்சம் யோசித்தார். "அது ரத்தம், குளுக்கோஸ் எல்லாம் லிட்டர் கணக்குல ஏத்தறது."

ஏழுமலை மரியாதையோடு தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கிரேன்காரர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டேன். அவருக்குத் தெரிந்த தியேட்டர் ஒன்றுதான். அந்தத் தியேட்டரின் வாசலில் நானும் அன்றைக்கு நின்றிருந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் அவர் சம்சாரத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். கீழே வைக்கவே இல்லை. கதவுக்கு மேலே போர்டு இருந்தது. ஸ்கூல் போகிற பிள்ளை இவள், எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: "அறுவை அரங்கம்." அப்புறம் கதவு திறந்தது. சம்சாரம் வரவில்லை, சேதிதான் வந்தது. செருப்பை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அயர்லாந்து சேதியோடு ஓடிவந்த அன்றைக்கு மெஸ்ஸில் இவர், பின்னாலேயே வந்த மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கம்மா உள்ள போனப்போ தெரிஞ்ச மொகம் ஒண்ணுகூட உள்ள இல்லம்மா. இனிமே போறவங்களுக்கு நீ இருப்பே."

அந்த வார்த்தைக்கு அப்புறம் எந்தப் பிள்ளைதான், 'நைனா, அது வேற தியேட்டர்' என்று சொல்லும்? இவள் சமையல்கட்டுக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பெரிம்மா, எப்புடி சொல்றது?"

"போயி சேர்ந்துட்டு சொல்லு."

"போயி சேர்ந்தப்புறம் இன்னும் கஷ்டமாயிடுமே."

கஷ்டமாகத்தான் ஆனது. அவள் கிளம்புவதற்கு முன்னால் ஏழுமலை கம்பெனி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார். வளைவிலிருந்து பார்த்தால் மெயின்ரோடு வரைக்கும் தெரியும். 'மருத்துவ உலகின் மங்காத சுடரே, சென்று வா!' என்று எழுத்து. அவளுடைய பிளஸ் டூ போட்டோவிலிருந்து தலையை வெட்டி, யாரோ ஒரு டாக்டருடைய வெள்ளைக் கோட்டின்மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு. கோட்டுக்காரர் ஆம்பளை என்பது கையைப் பார்த்தால் தெரியும், மணிக்கட்டெல்லாம் கருகருவென்று முடி.

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பெரிம்மா," என்றாள், தூக்கத்தில் பேசுகிறவளைப்போல, "இதான் என்னோட மொதல் காஸ்ட்யூம்."

அப்புறம் அவள் போனாள். ஆரஞ்சுப் புகை அவள் இல்லாத மாடிப்படிமேல் வந்து படிந்தது. கேரியர் இப்போது என் மெஸ்ஸிலிருந்து போனது.

வீடியோவில் பேசுவாள். அங்கே எப்போதும் ஈரமாக இருக்கும். மழை பெய்கிறதா, பனி இறங்குகிறதா, கடல்தான் எழுந்து நடக்கிறதா என்று தெரியாத ஒரு வெள்ளைப் படலம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். நான் தனியாக இருக்கும்போது மட்டும் படிப்பைப் பற்றிச் சொல்லுவாள்.

"தரையில படுக்க வெச்சி மூச்சு வுட சொல்றாங்க பெரிம்மா."

"மூச்சு வுடறதுக்கா அவ்ளோ தூரம் போனே? இங்க வுட்டா ஆவாதா?"

"இங்க பொகை இல்ல."

நான் இருமிக்கொண்டே போன் கண்ணாடியைத் துடைத்தேன்.

இன்னொரு நாள் எல்லாரையும் மரமாக நிற்கச் சொன்னார்களாம். என்ன மரம் என்று அவர்கள் சொல்லவில்லையாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையை விரித்துக் காற்றில் ஆடினார்களாம்.

"நீ இன்னா மரமா நின்னே?"

"நம்ம மெஸ்ஸு எதிர்ல கீதே, தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் ஆச்சின்னா எலைய மூடிக்குமே, அந்த மாதிரி ஒவ்வொரு வெரலா மூடிக்கினே வந்தேன்."

"அப்புறம்?"

"தூங்கிட்டேன் பெரிம்மா. நின்னுகினே. வாத்தியாருக்குக் கண்ணு கலங்கிடுச்சி. அந்த வகுப்புல எனக்குத்தான் மார்க்கு அதிகம்."

என் வாசலில் இருக்கிற மரம் அயர்லாந்தில் மார்க்கு வாங்கிவிட்டது. அன்றைக்கு அதன் அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

அப்பாவிடம் பேசும்போது மட்டும் அவள் டாக்டர். பொய் சொல்லமாட்டாள், ஆனால் மெய்யும் சொல்லமாட்டாள். ஒருமுறை ஒத்திகைக்கு நடுவில் போனை எடுத்துவிட்டாள். முகம், கை, சட்டை எல்லாம் ரத்தம். கிரேன்காரர் போனை உயர்த்தி மெஸ் முழுக்கக் காட்டினார்.

"பாருங்கப்பா! ஆபரேஷன் முடிச்சிக்கினு நேரா வருது!"

மெஸ்ஸே எழுந்து நின்றது. பாதி இட்லியோடு நின்றவர்களும் உண்டு.

"கேஸு எப்புடிம்மா?" என்று ஏழுமலை கேட்டார்.

"ராஜா, மாமா... பொயைக்கல."

"ராஜான்னு பேரா? பாவம். சின்ன வயசா?"

"நாப்பது இருக்கும். நான் எவ்ளோவோ பாத்தேன், அவரு சாவறதுலயே குறியா இருந்தாரு."

கிரேன்காரர் மகளைத் தேற்றினார். ராஜாவுக்காக ஏழுமலை அன்று மதியம் சாப்பிடவில்லை. ராத்திரிக்கு அவள் எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினாள், ரத்தம் பீட்ரூட் சாறு, ராஜா நாடகத்து ராஜா என்று.

முழங்கால் வலிக்காரர்களுக்கெல்லாம் வெந்நீர் ஊற்றச் சொல்லுவாள். நடக்கச் சொல்லுவாள். அவள் குரலைக் கேட்டாலே பாதி வலி போய்விடுகிறது என்றார்கள். ஏழுமலையிடம் மட்டும் கெஞ்சுவாள்: "மாமா, காத்துக்கினு இருக்காதே. ஜி.எச்.க்குப் போயிடு மாமா." அவர் தாங்கிப் பிடித்தபடியே சிரிப்பார். "தெரியாத கையில எதுக்கும்மா? நீயே வா."

லீவுக்கு வந்தாள். வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் கடையைத் திறக்கும்போது வாசலில் கூட்டம். நாஷ்டாவுக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். எல்லார் கையிலும் எக்ஸ்ரே. கிரேன்காரர் மகளுக்கே சொல்லாமல் இலவச முகாம் ஏற்பாடு செய்திருந்தார். முன் வரிசையில் ஏழுமலை, குளித்து, விபூதி பூசி, ஆபரேஷனுக்குத் தயாராக. வெறும் வயிற்றில் வந்திருந்தார்.

அவள் பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பெரிம்மா, ஏழுமலை மாமா ரொம்ப வலியில கீறாரு. இதுக்கு மேல நான் நடிச்சா அவரு உசுருக்கே ஆபத்து. இன்னிக்கு சொல்லிடறேன்."

"உங்கப்பன் தாங்குவானா?"

"தெரியல. வாயால சொல்ல வரல பெரிம்மா. காட்டிடறேன்." சுற்றிப் பார்த்தாள். "உன் செருப்பக் குடு."

என் ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மெஸ்ஸுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அதற்கு முன்னால் போய் நின்றாள், நான் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். வலது தோளைக் கொஞ்சம் இறக்கினாள். தொண்டையை ஒருதரம் கனைத்தாள். அவ்வளவுதான்.

"டேய், நம்ம கிரேன்காருடா!" என்று கூட்டம் சிரித்தது. கிரேன்காரரும் சிரித்தார்.

செருப்பு இரண்டையும் அடியோடு அடி சேர்த்து நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலால் அதில் இருந்த மண்ணைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். திரையைப் பார்த்தாள். அதற்கு மேலே, அங்கே இல்லாத ஒரு போர்டைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் சிஸ்டர்?"

சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே சாம்பார் பொங்கியது. நான் அடுப்பைக் குறைக்கவில்லை.

அவள் நின்றாள். அவ்வளவு நேரம் ஒருத்தர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. அப்புறம் அவள் செய்ததுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடக்காதது. மெதுவாகப் போய்த் திரையைத் தள்ளினாள். அது திறந்தது. உள்ளே போய், குனிந்து, செருப்பை நேராக வைத்தாள், யாரோ கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப்போல.

"மாட்டிக்கம்மே. ஊட்டுக்குப் போலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், என் செருப்புக்குள் ஒரு கால் நுழைந்ததை நான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து, எந்தக் கம்பெனியிலோ இரும்பு கொட்டியது. பொலபொலவென்று வெகுநேரம் கொட்டியது. அவள் எழுந்து, திரும்பி, பழைய வழக்கத்தில் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் வைத்தாள்.

அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "நைனா, நான் படிக்கிற தியேட்டரு இதான். ஆஸ்பத்திரி தியேட்டரு இல்ல. அந்த ஊருலயும் இதைத்தான் நடிச்சிக் காட்டினேன். நீ சந்தோஷப்பட்டே, அதான் வாய் வரல."

கிரேன்காரர் எழுந்தார். அறையப் போகிறாரோ என்று நான் கரண்டியோடு வெளியே வந்தேன்.

"நான் இவ்ளோ கூனிக்கினா நின்னேன்?" என்றார்.

"அன்னிக்கு நின்னே நைனா."

"அந்தக் கதவ எப்புடி தொறந்தே?"

"தள்ளினேன்."

"எனக்குத் தள்ளணும்னு தோணலியேம்மா." திரையைத் தொட்டுப் பார்த்தார். "அங்க என்னை உள்ள வுடல."

"ரெண்டு தியேட்டருக்கும் அரங்கம்னுதான் பேரு நைனா. அந்த போர்டுல இருந்த அறுவைய மட்டும் நான் எடுத்துட்டேன்."

அவர் தரையில் இருந்த செருப்பைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர், குரலில் மட்டும் பழைய கர்வம்.

"இன்னாப்பா எக்ஸ்ரே வெச்சிக்கினு நிக்கறீங்க? இது அந்த தியேட்டரு இல்ல. இது உள்ள வுடற தியேட்டரு. எடத்தைக் காலி பண்ணுங்க."

"அப்போ என் கொடலு?" என்று ஏழுமலை அழுகிற குரலில் கேட்டார்.

மறுநாளே அவரை ஜி.எச்.க்குக் கூட்டிக்கொண்டு போனோம். இவள் கூடவே வந்தாள். வாசலில் நர்ஸ் நிறுத்தி, நீ யார் என்று கேட்டாள். "தியேட்டர் ஸ்டூடண்ட்," என்றாள் இவள், பழக்க தோஷத்தில். நர்ஸ் உடனே ஒரு மாஸ்க்கை எடுத்துக் கையில் கொடுத்தாள். இவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏழுமலையின் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே நின்றாள். அவர் நல்லபடியாக வந்து அதே செருப்பை மாட்டிக்கொண்டார். "ஒண்ணும் தெரியல, தூங்குமூஞ்சி மரம் மாதிரி கெடந்தேன்," என்றார். பித்தப்பைக்காரர்களும் கண்புரைக்காரர்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போனார்கள்.

ஊரில் இன்னும் அவள் பெயர் ஆபரேஷன்தான். மாற்ற வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இப்போது மறுபடியும் அந்த ஈர ஊரில் இருக்கிறாள். கிரேன்காரர் வாரம் ஒருமுறை என் திரையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா தொறக்குதுக்கா," என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போகிறார்.

அந்த ஃப்ளெக்ஸ் பேனரை ஏழுமலை கழற்றி எறியப் பார்த்தார். நான் விடவில்லை. சமையல்கட்டுக் கூரையில் ஓடு உடைந்த இடத்தில் விரித்துக் கட்டிவிட்டேன், முகம் உள்பக்கம் தெரிகிற மாதிரி. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அதன் கீழே பாயைப் போட்டுப் படுக்கிறேன். வெயில் வெள்ளைக் கோட்டின் வழியாக இறங்கி, அயர்லாந்துப் பனி மாதிரி என்மேல் விழுகிறது. முடி வளர்ந்த கைகளோடு, பிளஸ் டூ முகத்தோடு, அவள் மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஐப்பசியில் மழை எவ்வளவோ அடித்தது. எல்லாவற்றையும் அவளே வாங்கிக்கொண்டாள். என் அடுப்பின்மேல் ஒரு சொட்டு விழவில்லை.